பாட்டுக்கும் ஊர் உண்டு

சொற்களை எழுதி வைத்துவிட்டால் பாட்டைக் காப்பாற்றியதாகிவிடும் என்னும் எண்ணம் தமிழ் கற்றோரிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. ஏடு தேடி அலைந்த மரபில் வந்தோர்க்கு அவ்வெண்ணம் இயல்பானதே. எழுத்தில் ஏறியது பிழைத்தது, ஏறாதது மாண்டது என்பதை அம்மரபினர் பட்டறிந்தவர்கள். ஆயினும், தாப்பா வட்டாரத்துத் தோட்டப்புறங்களில் தலைமுறை தலைமுறையாகப் பாடப்பட்டு, இன்று முதுமையின் எல்லையில் நிற்கும் சில பெண்டிரின் நினைவில் மட்டும் தங்கியிருக்கும் தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் அந்த எண்ணம் துணை நிற்கவில்லை. சொல் நூலுக்குள் அமர்ந்துவிட்டது. பாட்டு வெளியே நிற்கிறது.

நூலாக்கியோரின் தொண்டைக் குறைத்து மதிப்பிடுவார் எவருமிலர். தமிழகத்தில் பெர்சி மாக்வீன் என்னும் ஆங்கில அதிகாரி திரட்டிய பாடல்களைக் கி. வா. ஜகந்நாதன் 1958இல் ‘மலையருவி’ என்னும் பெயரில் பதிப்பித்தார். நா. வானமாமலை தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இப்பணிக்கே ஈந்தார். மலேசியாவில் இரா. தண்டாயுதமும் முத்தம்மாள் பழனிசாமியும் தோட்டத்து மக்களின் பாடல்களைத் தொகுத்தளித்தனர். இவர்கள் இல்லையேல் அப்பாடல்களின் பொருளும் உவமையும் கூடக் கிடைத்திரா. ஆனால், ‘ஆராரோ’ என்று நூலில் மூன்றெழுத்துக்குள் அடங்கும் அசை, தூளி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சென்று மீளும் காலமளவும் நீள்வது. ஆடும் கயிறே அதற்குத் தாளம். குழந்தையின் கண் சொருகச் சொருக அந்த நீட்சி தேய்ந்து முணுமுணுப்பாகும். இவற்றை எந்த அச்சுக்கூடத்தில் கோப்பது?

‘அதற்குத்தான் ஒலிப்பதிவு இருக்கிறதே’ என்று விடையிறுப்போர் உளர். அவர்கள் செய்வதுதான் என்ன? பாடத் தெரிந்த மூதாட்டி ஒருத்தியைப் பட்டணத்துக்கு அழைத்து வருகிறார்கள். குளிரூட்டிய அறையொன்றில், ஓசை எதிரொலிக்காதபடி பஞ்சும் துணியும் போர்த்த சுவர்களுக்கு நடுவே, முன்பின் கண்டிராத ஒலிவாங்கியின் முன் அமர்த்துகிறார்கள். காதில் ஒரு கருவியை மாட்டுகிறார்கள். கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஒருவர் கையசைத்ததும் அவர் அழ வேண்டும். பிறகு அந்தக் குரலுக்குப் பின்னால் மின்விசைப் பலகையின் தாளத்தையும் புல்லாங்குழலையும் சேர்த்து ‘மரபிசை’ என்று பெயரிட்டு வெளியிடுகிறார்கள். பாட்டி இரண்டாம் அடியை மறந்து விட்டாரென்று குறைபட்டுக்கொள்வதும் உண்டு. மறந்தவர் அவரல்லர். அப்பாட்டு எங்கே பிறந்தது, யார் நடுவில் பாடப்பட்டது என்பதை மறந்தவர்கள் அழைத்து வந்தவர்களே.

பாடும் இடம் பாட்டின் உறுப்பு என்பதை மேலைநாட்டார் நெடுநாள் முன்பே உணர்ந்தனர். வெனிசு நகரத்துப் புனித மாற்கு பேராலயத்தில் எதிரெதிராக அமைந்த பாடற்குழு மாடங்கள் உள்ளன. 1585 முதல் 1612 வரை அங்கு ஆர்கன் இசைத்த ஜொவான்னி கப்ரியேலி, ஒரு மாடம் வினவ மறுமாடம் விடையளிப்பது போலத் தம் இசையை யாத்தார். கல்லும் கவிகையும் ஒவ்வோர் ஒலியையும் சில நொடிகள் தாங்கி நிற்கும். ஒன்றன் கார்வை அடங்குமுன் மற்றொன்று அதன்மேல் வந்து படியும். அக்கார்வைக்கு ஏற்ப நடையை நிதானப்படுத்தியே அவ்விசை எழுதப்பெற்றது. அதைச் சிறிய அறையொன்றில் பாடினால் சுரங்கள் உதிர்ந்த பல்லைப் போல இடைவெளி விட்டுத் தோன்றும். எனவேதான் 1967இல் ஆர்கன் கலைஞர் ஈ. பவர் பிக்ஸ் குழுவினர் கருவிகளைச் சுமந்து அப்பேராலயத்துக்கே சென்று கப்ரியேலியின் இசையைப் பதிந்தனர். அதற்கு முன்னரே, 1930இல், பிரான்சின் சொலெம் மடத்துத் துறவியரின் பழைய வழிபாட்டுப் பாடல்களை இசைத்தட்டு நிறுவனத்தார் மடத்துக்கே போய்ப் பதிந்தனர்.

இன்னுமொன்று. 1927இல் இலண்டன் நகரத்து டெம்பிள் ஆலயத்தில் எர்னஸ்ட் லஃப் என்னும் சிறுவனின் பாடல் பதிவாயிற்று. பாடல் 19ஆம் நூற்றாண்டினது. ஆலயமோ 1185இல் அருட்பொழிவு பெற்றது. மின்விசைப் பதிவு முறை வந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த அந்நாளில், பதிவுக் கருவிகள் பொருத்திய ஊர்தி அவ்விடத்துக்கே சென்றது. அப்பாட்டுத் தட்டு உலகமெங்கும் பல இலட்சமாய் விற்றது. கேட்டவர்கள் சிறுவனின் குரலோடு அந்தப் பழைய கல்லின் விடையையும் சேர்த்தே கேட்டார்கள்.

நகரத்து ஆலயத்தில் பதிவது எளிய செயலன்று. வெளியே வண்டி உறுமும். மணிக்கூண்டு தன் பொழுதை அறிவிக்கும். மழை பெய்தால் வேலை நிற்கும். ஆகவே ஊரடங்கிய பின் நள்ளிரவில் பதிவோர் உண்டு. ஒலிவாங்கியைப் பாடுவோர்க்கு மிக அருகில் வைத்தால் சொல் தெளியும், இடம் மறையும். மிகத் தொலைவில் வைத்தால் கார்வை பெருகும், சொல் கரையும். இரண்டுக்கும் நடுவிலுள்ள அந்த ஓரிடத்தைத் தேடிக் காண்பதே பதிவாளனின் கலை. அத்தனை தொல்லையும் எதற்கு? இடத்தைக் கழற்றிவிட்டால் எஞ்சுவது அப்பாட்டன்று என்பதற்காகவே.

பேராலயத்தையும் தகரக் கூரை வேய்ந்த தோட்டத்து லயத்தையும் ஒப்பிடுவதா என்று நகைப்பாரும் இருக்கலாம். நகைப்பதற்கு முன் அவர்கள் அமெரிக்காவைப் பார்க்கட்டும். 1933இல் ஜான் லோமாக்சும் அவர் மகன் ஆலனும் ஏறத்தாழ 140 கிலோ எடையுள்ள பதிவுக் கருவியை மோட்டார் வண்டியில் ஏற்றிக்கொண்டு, நாடாளுமன்ற நூலகத்தின் சார்பில் தென்மாநிலங்களுக்குப் புறப்பட்டனர். அவர்கள் நாடிச் சென்றது கறுப்பின மக்கள் வியர்வை சிந்திய பண்ணைகளையும் சிறைப்பண்ணைகளையும்தான். அங்கே கோடரி மரத்தில் இறங்கும் ஓசையே பாட்டின் தாளம். கோடரியை வெளியே வைத்துவிட்டு வா என்று அவர்கள் சொல்லவில்லை. தோட்டத் தொழிலாளியின் பாட்டை ஒரு நாட்டின் தலைமை நூலகம் ஏற்றுப் போற்றிய செய்தி, தோட்டத் தமிழரின் வழித்தோன்றல்களுக்கு வெறும் அயல்நாட்டுச் செய்தியன்று.

தமிழகத்திலும் சான்றுண்டு. ஆர்னால்ட் பாக்கே என்னும் டச்சு அறிஞர் 1938ஆம் ஆண்டையொட்டித் தென்னிந்தியாவில் பயணம் செய்து, கலைஞர்களின் ஊர்களிலேயே அவர்தம் இசையைப் பதிந்தார். 1984இல் நசீர் ஜைராஸ்பாயும் ஏமி காட்லினும் அப்பதிவுகளை எடுத்துக்கொண்டு தமிழ்நாடு, கேரளம், கருநாடகம் ஆகிய பகுதிகளுக்குச் சென்று, எது நிலைத்தது, எது திரிந்தது என்று ஆராய்ந்தனர். பாக்கே எங்கே பதிந்தார் என்னும் குறிப்பு இல்லாதிருந்தால் அவர்கள் எந்த ஊருக்குப் போயிருப்பார்கள்?

இனித் தாப்பாவுக்கு வருவோம். பத்தாங் பாடாங் மாவட்டத்தின் ரப்பர்த் தோட்டங்களுக்குக் கங்காணிமார் திரட்டி வந்த மக்களோடு பாட்டும் கப்பலேறி வந்தது. 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடிபெயர்வுக்குத் தடை விதித்ததும் அந்த வரத்து நின்றது. அதன்பின் இங்குள்ள பாட்டு இந்த மண்ணின் பாட்டாகவே வளர்ந்தது. பால்மரமும் பெரட்டுக்களமும் அதில் புகுந்தன. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டு போகப்பட்டு மீளாத ஆடவர்க்காக அழுத பெண்டிரின் ஒப்பாரி, தமிழகத்தில் எவரும் பாடியறியாத ஒப்பாரி. பின்னர் ரப்பர் சாய்ந்து செம்பனை எழுந்தது. தோட்டங்கள் துண்டாடப்படுவதைத் தடுக்கத் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தும், பல்லாயிரவர் லயங்களை விட்டுப் பட்டணத்துக்குப் பெயர்ந்தனர். பாடுவோர் அடுக்குமாடியின் நான்காம் தளத்தில். பாட்டின் இடமோ செம்பனை நிழலில். இரண்டையும் இணைக்கும் பாதை ஆண்டுதோறும் புல் மண்டி வருகிறது.

‘லயமே இடிந்த பின் எந்த இடத்தில் பதிவது?’ என்னும் வினா நேர்மையானது, ஆனால் முழுமையானதன்று. லயம் இடிந்தாலும் தோட்டத்து மாரியம்மன் கோயில் பல இடங்களில் நிற்கிறது. திருவிழாவுக்குப் பழைய தோட்டத்து மக்கள் அங்கே கூடுகிறார்கள். உடுக்கையும் பம்பையும் திறந்த வெளிக்குரியவை. கும்மியில் பெண்கள் வட்டமாகச் சுற்றும்போது குரல் அணுகியும் அகன்றும் ஒலிக்கும். ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரே இடத்தில் நின்று கைதட்டுவோரிடம் அந்தச் சுற்று ஏது? பேராக்கின் பழைய கத்தோலிக்க ஆலயங்களுக்கும் இது பொருந்தும். யாக்கோமே கொன்சால்வஸ் அடிகள் 18ஆம் நூற்றாண்டில் இலங்கையில் இயற்றிய வியாகுலப் பிரசங்கத்தைத் தவக்காலத்தில் பழைய ஓசையோடு வாசிக்கக் கேட்டு வளர்ந்த முதியவர் எவரேனும் ஈப்போ சிலிபின் லூர்து மாதா ஆலயத்திலோ வேறு பங்கிலோ இருப்பாராயின், அவர் குரலும் ஆலயத்தினுள்ளேயே பதிவாக வேண்டியது.

ஒப்பாரியின் வழக்கு கடினமானது. சாவு நேராத வீட்டில் ஒப்பாரி பாடுதல் ஆகாது என்பது பெண்டிரின் உறுதியான நம்பிக்கை. சாவு நேர்ந்த வீட்டில் ஒலிவாங்கியை நீட்டுவதோ பண்பற்ற செயல். ‘அப்படியாயின் எவர் வீடும் அல்லாத ஒலிப்பதிவுக் கூடமே உகந்ததன்றோ?’ என்று வாதிடுவோர் கெட்டிக்காரர்கள்தாம். ஆனால் ஒப்பாரியைத் தனியொருத்தி பாடுவதில்லை. தோள்மேல் தோள் சேர்த்து, தலை தாழ்த்தி, வட்டமாய் அமர்ந்த பெண்களில் ஒருத்தி அடியெடுக்க, அடியின் கடையில் மற்றவர்கள் விம்மலாய்ச் சேர்கிறார்கள். அந்தச் சேர்க்கையே அதன் இசை. வீடு ஆகாதெனில் ஆற்றங்கரை உண்டு. தோட்டத்து எல்லையிலுள்ள மரத்தடி உண்டு. எங்கே பாடலாம், எங்கே பாடலாகாது என்பதைப் பாடுகிற பெண்களே முடிவு செய்யட்டும். அவர்கள் மறுத்தால் அம்மறுப்பையும் மதித்துத் திரும்புவதே முறை.

இனி, தமிழாசிரியர் சிலரின் கைவண்ணம். மாணவரைக் கொண்டு நாட்டுப்புறப் பாடலை அரங்கேற்றும்போது ‘கொச்சை’ களைகிறோம் என்று ‘கித்தா’வை நீக்கி ‘ரப்பர்’ என்றும், ‘கம்ப’த்தை நீக்கிச் ‘சிற்றூர்’ என்றும் மாற்றுகிறார்கள். கெத்தா என்னும் மலாய்ச்சொல் தமிழ்நாவில் கித்தாவாகிக் கண்ணீரோடு கலந்த வரலாறு அந்த ஒரு திருத்தத்தில் அழிகிறது.  சங்கப் பாட்டில் ஒரு பாடபேதத்தைத் தொடுவதற்கு அஞ்சுகிறவர்கள் பாட்டியின் பாட்டில் மட்டும் துணிந்து கை வைப்பது எவ்வாறு?

கருவி இல்லை என்னும் சாக்கும் இனிச் செல்லாது. நாடாச் சுருள் கருவி ஒருவர் தூக்கமாட்டாத சுமையாயிருந்த காலம் போயிற்று. 1963இல் அறிமுகமான ஒலிப்பேழை மலிவாயிற்று. ஆனால் இந்நாட்டின் ஈரக்காற்றில் நாடாவில் பூஞ்சை பூத்தது. அலமாரிகளில் அடைந்து கிடக்கும் பழைய பேழைகளை முதலில் எண்மப் படியாக மாற்றுதல் நன்று. இன்று ஒவ்வோர் ஆசிரியரின் பையிலும் பதிவுக் கருவி கைப்பேசியாகக் கிடக்கிறது. அழைப்பு வராதபடி அடைத்து, ஒலியளவைத் தானே ஏற்றியிறக்கும் வசதியை நிறுத்தி, சுருக்கப்படாத கோப்பாகப் பதிந்தால் போதும். ஒன்றை அடியெடுப்பவருக்கு ஒரு முழத் தொலைவிலும் மற்றொன்றை நான்கு எட்டுக்கு அப்பாலும் வைப்பது மேல். தாப்பாவை ஒட்டிச் செல்லும் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையின் இரைச்சல் கேளாத இடமாகப் பார்க்க வேண்டும். சேவல் கூவினால் கூவட்டும். தகரத்தில் மழை விழுந்தால் அதையும் சேர்த்துப் பதியலாம்; தாலாட்டு அந்த ஓசைக்கு மேலேதான் பாடப்பட்டது.

பாடியவரின் இசைவு, நாள், இடம், உடனிருந்தோர், எவரிடம் கற்றார் என்னும் விவரம் ஆகியவற்றைப் பதிவின் தொடக்கத்திலேயே அவர் வாயாற் சொல்ல வைத்தல் வேண்டும். ஒரு படி அவர் குடும்பத்துக்கு, ஒரு படி பள்ளிக்கு, ஒரு படி பல்கலைக்கழகத்துக்கு. இதற்கு மானியமும் குழுவும் தீர்மானமும் வேண்டுமெனக் காத்திருப்போர் காத்திருக்கட்டும். அடுத்த பள்ளி விடுமுறையில், அடுக்குமாடியிலிருந்து மூன்று மூதாட்டியரை அவர்கள் பிறந்த தோட்டத்துக் கோயிலடிக்கு அழைத்துச் செல்ல ஓர் ஆசிரியரின் காரும் ஒரு பிற்பகலும் போதும். மூவரும் சேர்ந்தே வர வேண்டும்; ஒருவரை மட்டும் அழைத்துப் போனால் அடியின் கடையில் விம்மலுடன் சேர ஆளிராது.