நல்லெண்ணெயும் நரம்பியலும்

"வறிய நாட்டுக்கு நரம்பியல் ஆராய்ச்சி எதற்கு?" என்று வினவுவோர் இன்னமும் உளர். பட்டப்பின்படிப்பு மாணவர்களுக்கு ஆய்வுகூட வசதி கேட்கும்போதெல்லாம் எழும் இந்த வினாவிற்கு மலையகத்தின் அனுபவமே தக்க விடை.

1977, 1978 ஆம் ஆண்டுகளில், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களைச் சேர்ந்த இருபதுக்கும் மேற்பட்ட இளம் தமிழ்ப் பெண்கள் நரம்புகள் பழுதுற்றுக் கைகால் வலுவிழந்தனர். பூப்பெய்திய பெண்ணுக்கு நல்லெண்ணெய் கொடுப்பது நம் வழக்கம். அந்த எண்ணெயில் டிரைகிரெசில் பொஸ்பேற்று என்னும் நஞ்சு கலந்திருந்ததைச் சேனாநாயக்கவும் ஜெயரத்தினமும் 1981 இல் 'லான்செற்' இதழில் வெளிப்படுத்தினர். 1987 இல் பேராதனை மருத்துவப் பேராசிரியர் நிமால் சேனாநாயக்க, கரல்லியத்தவுடன் இணைந்து, பூச்சிகொல்லி நஞ்சருந்தியோர் முதல் நெருக்கடியிலிருந்து மீண்ட பின்னரும், ஓரிரு நாட்களில் சுவாசத் தசைகள் செயலிழந்து மடியக்கூடும் என்பதை உலகுக்கு அறிவித்தார். உயிர்காத்த இந்த அறிவு ஆடம்பரமா?

அந்த அறிவை ஈந்தவை நம் மக்களின் உடல்கள். ஆனால் பன்விலத் தோட்டமொன்றில் மருந்தடிக்கும் தொழிலாளியின் மகள், அந்த மருந்து நரம்பை என்ன செய்கிறது என்று தானே ஆராய விரும்பினால், அவளுக்கு நாம் எதை வைத்திருக்கிறோம்? மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 0.1 சதவீதத்தையே ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் நாடு இது. 2022 இல் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்தது; மறை 80 பாகையில் காக்க வேண்டிய திசுமாதிரிக்கு அது சாவோலை அன்றி வேறென்ன?

பணமில்லை என்பது பாதி உண்மையே. பேராதனையில் மருத்துவம், மிருக வைத்தியம், விஞ்ஞானம், பொறியியல் ஆகிய பீடங்கள் ஒரே வளாகத்தில் உள்ளன. 1981 இல் தோன்றிய தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் அருகே ஹந்தானையில் இருக்கிறது. இவற்றின் கருவிகளைப் பொதுப் பட்டியலில் இட்டு, எந்த மாணவரும் நேரம் பதிந்து பயன்படுத்த வழிசெய்வதற்குக் கோடிகள் வேண்டாம், மனம் வேண்டும். பழுதுபார்க்கும் தொழினுட்பவியலாளருக்கும், தடையற்ற மின்சாரத்துக்கும், முழுநேர ஆய்வாளரின் உதவித்தொகைக்குமே பணம் வேண்டும். அதையேனும் வரவு செலவுத் திட்டத்தில் தனியே ஒதுக்கட்டும்.

நோயாளியாக மட்டுமே ஆய்வுகூடத்தின் வாசலை மிதித்த சமூகம், ஆய்வாளராகவும் உள்ளே நுழையும் உரிமையைக் கேட்கிறது. இது சலுகை அல்ல, நெடுநாட் கடன்.