நீங்க 'வாங்கின' படம் யாருக்குச் சொந்தம்?

ஆப்ல காசு கொடுத்து ஒரு படத்தை 'வாங்கிட்டீங்க'. அது உங்களுக்குச் சொந்தமா? பெரும்பாலும் இல்லைங்க... பார்க்கிற உரிமம் மட்டும்தான்! இதை வாடிக்கையாளரிடம் தெளிவாகச் சொல்லணும்னு கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் சட்டமே அமலுக்கு வந்திருக்கிறது.

இதற்கு மாற்றாகச் சிலர் வீட்டிலேயே சர்வர் வைக்கிறார்கள். 'நாஸ்' எனும் ஸ்டோரேஜ் பெட்டியில் ஹார்ட் டிஸ்க்கைப் பொருத்தி, வீட்டு ரூட்டரோடு இணைத்து, ஒரு சர்வர் மென்பொருளைப் போட்டால் போதும். கல்யாண வீடியோ, குழந்தையின் முதல் நடை, டவுன்லோடு செய்து வாங்கிய பாடல்கள் எல்லாமே டிவியிலும் போனிலும் ஓடும்.

ஆனா, இங்கேயும் கவனம் தேவை. பிரபல மென்பொருளான பிளெக்ஸ், 2025 ஏப்ரலில் வாழ்நாள் சந்தாவை சுமார் 120 டாலரிலிருந்து 250 டாலராக உயர்த்தியது. வெளியூரிலிருந்து பார்க்கவும் கட்டணம் வந்தது. பெட்டி நம்முடையது, சாவி அவர்களிடம்! ஜெல்லிஃபின் முழுக்க இலவசம், ஓப்பன் சோர்ஸ். என்ன, செட்டிங்ஸோடு கொஞ்சம் மல்லுக்கட்டணும்.

பெட்டிக்குள் 2 டிஸ்க் இருந்தா பேக்கப்னு நினைக்காதீங்க. ஒன்றில் தவறுதலா அழிச்சா, அதன் நகலிலும் அழிந்துவிடும். தனியா ஒரு காப்பி வேறிடத்தில் இருக்கட்டும். சினிமா போனா திரும்பப் பார்த்துக்கலாம். அம்மா அப்பா கல்யாண வீடியோ போனா?