ஒன்பது ஆட்டத்தில் தீர்ப்பு எழுதுகிறவர்களுக்கு

 

கொஞ்சம் நீளமான பதிவுதான். இரவு ஒன்றரை மணிக்கும் உதைபந்தாட்டம் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறவர்களுக்கு இதை வாசிக்க நேரம் இருக்கும் என்று நம்புகிறோம்.

நாங்கள் என்றால் யாரென்று முதலில் சொல்லிவிடுகிறோம். பாடசாலை விட்ட பிறகு மைதானத்தில் பிள்ளைகளோடு நிற்கிற மூன்று நான்கு ஆசிரியர்கள். எங்களுக்குள்ளும் ஒருவர் மன்செஸ்டர் யுனைடெட், ஒருவர் லிவர்பூல், ஆர்சனல் என்றால் தேத்தண்ணியையும் மறந்து கதைக்கிற ஒருவரும் இருக்கிறார். ஆகவே "வாத்திமார் விளையாட்டுப் பார்க்க வேண்டாம் என்கிறார்கள்" என்று யாரும் கீழே வந்து எழுத வேண்டாம். பாருங்கள், சண்டையும் பிடியுங்கள். ஆனால் பார்த்துவிட்டுச் சண்டை பிடியுங்கள். இப்போது ஊர் வாட்சப் குழுக்களில் நடப்பது அது இல்லை.

இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் ஓர் அணிக்கு 38 ஆட்டங்கள். 2025 அக்டோபர் இறுதியில் முடிந்திருந்தவை 9. இந்த ஒன்பதுக்குள் எங்கள் தீவுப்பகுதி என்னென்ன தீர்ப்புகளைக் கொடுத்து முடித்துவிட்டது! லிவர்பூல் முதல் ஐந்தையும் வென்றதும் "கிண்ணம் எங்களுக்கு, மற்றவை இரண்டாமிடத்துக்கு விளையாடட்டும்" என்றார்கள். பிறகு கிறிஸ்டல் பெலஸ், செல்சி, யுனைடெட், பிரென்ட்போர்ட் என்று லீக்கில் தொடர்ந்து நான்கு தோல்வி. இப்போது அதே ஆட்கள் அதே குழுவில் "ஸ்லொட்டுக்கு ஒன்றும் தெரியாது, கடந்த வருசம் எடுத்தது குளொப் விட்டுப்போன அணியால்" என்கிறார்கள். ஐந்து கிழமைக்கு முன்னர் அது யாருடைய அணி?

அந்த ஐந்து வெற்றிகளையும் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். போர்ன்மவுத்துடன் 2-0 என்று முன்னுக்கு நின்று, 2-2 ஆக விட்டு, 88ஆவது நிமிடத்தில் கியேசா அடித்துத்தான் தப்பியது. நியூகாசிலுடன், எதிரணியில் பத்துப் பேர் நிற்க, 100ஆவது நிமிடத்தில் 16 வயதுப் பெடியன் இங்குமோகா அடித்த கோல். ஆர்சனலுடன் 83இல் சொபோஸ்லாயின் ப்ரீகிக். பேர்ன்லியுடன், அங்கும் பத்துப் பேர்தான், 95இல் சலாவின் பெனால்டி. ஐந்தில் நான்கு வெற்றி கடைசிப் பத்து நிமிடத்திலோ அதற்குப் பிறகோ வந்தவை. நன்றாக விளையாடுகிற அணி ஒவ்வொரு கிழமையும் கடைசி நிமிடம்வரை காத்திருக்காது. நோய் வெற்றிக்குள்ளேயே இருந்தது. புள்ளி அட்டவணையை மட்டும் பார்த்தவருக்கு அது தெரியவில்லை.

பிறகு என்ன நடந்தது? கொடுத்த நிமிடமே திருப்பி எடுத்தது. பெலஸுடன் 97ஆவது நிமிடத்தில் தோல்வி. செல்சியுடன் 95இல். யுனைடெட்டுடன் 84இல் மகுவயர் தலையால் அடித்தார். பெலஸின் வெற்றிக் கோலும், கடந்த சனி நள்ளிரவு பிரென்ட்போர்ட் அடித்த முதல் கோலும் நீளமான த்ரோவில் இருந்து வந்தவை. எல்லோருக்கும் தெரிந்த, ஒளித்துவைக்காத, பழைய கால ஆயுதம். அதைத் தடுக்க ஆட்களை எங்கே நிறுத்துவது என்பது ஒரு உண்மையான கேள்வி. இரண்டு பக்கப் பின்வரிசையும் புதிது: கேர்கெஸ், ப்ரிம்பொங். அலெக்சாண்டர்-ஆர்னோல்ட் மட்றிட் போய்விட்டார், டியாஸ் முன்கனுக்குப் போய்விட்டார். விர்ட்ஸ் லீக்கில் அந்த ஒன்பது ஆட்டத்திலும் கோல் போடவில்லை. இசாக் சீசன் தொடங்கிய பிறகு, பயிற்சி இல்லாமல் வந்தவர். இவ்வளவும் கதைக்கலாம். விடிய விடியக் கதைக்கலாம். நாங்களும் வருகிறோம்.

ஆனால் குழுவில் வந்தது இவை இல்லை. வந்தது சலாவைக் கிழவனாக்கிய படங்கள். அந்த உடைமாற்றும் அறையில் ஜூலை 3ஆம் திகதி வரைக்கும் ஜோட்டா என்றொரு மனிதர் இருந்தார். கார் விபத்தில் தம்பியோடு போய்விட்டார். அந்த இழப்போடு ஓடுகிற ஆட்கள் இவர்கள். அதைச் சொன்ன எங்களில் ஒருவருக்கு "அனுதாபப் புள்ளி கேட்கிறீங்களோ சேர்" என்று பதில் வந்தது. மரணவீட்டுக்குப் போய் வந்து ஒரு மாதம் சரியாகச் சாப்பிடாத ஊர் இது. எங்களுக்கு விளங்காததா அது?

சரி, யுனைடெட் பக்கம் வருவோம்.

ஆகஸ்ட் 27, நான்காம் பிரிவில் விளையாடுகிற கிரிம்ஸ்பி அணியிடம் லீக் கிண்ணத்தில் 2-2, பெனால்டியில் 12-11 என்று தோற்றார்கள். செப்டெம்பரில் மன்செஸ்டர் சிட்டியிடம் 3-0, பிரென்ட்போர்டிடம் 3-1. அமோரிமின் 3-4-3தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று ஒரே குரல். நடுவில் இரண்டே பேர், எதிரணி மூன்று பேரை விட்டால் அவ்வளவுதான், விங் பேக் ஏறினால் பின்னுக்கு வெளி, இப்படியெல்லாம். தவறான விளக்கம் என்று சொல்லமாட்டோம். ஆனால் அக்டோபரில் சண்டர்லாண்ட், லிவர்பூல், பிரைட்டன் என்று மூன்றையும் தொடர்ந்து வென்றார்களே, அதுவும் 2016 ஜனவரிக்குப் பிறகு முதல் தடவையாக அன்பீல்டில் லீக் ஆட்டம் வென்றார்களே, அன்றைக்கு அவர் எந்த முறையில் விளையாடினார்? அதே 3-4-3. ஒரு இலக்கத்தை அவர் மாற்றவில்லை.

மாறியது கோல் காப்பாளர். லம்மென்ஸ் வந்தார். பின்வரிசையில் பந்தைத் தட்டித் தட்டி அவதிப்படாமல் நீட்டாக அடித்துவிட்டார். முன்னுக்கு குன்யாவும் எம்பேமோவும் செஸ்கோவும் பந்தைப் பிடித்து நிறுத்தக் கூடியவர்கள். முன்வரிசையிலும் கோல் வாசலிலும் இந்தச் சின்ன மாற்றங்கள் சேர்ந்ததும் நடுவில் இரண்டு பேர் என்ற பிரச்சினையே பாதி மறைந்துவிட்டது, பந்து அங்கே அவ்வளவு நேரம் நிற்கவில்லையே. இதைக் கண்டவர் குழுவில் எத்தனை பேர்? ஒருவர் கண்டார். அவர் வெதுப்பகத்தில் வேலை செய்கிறவர், முழு ஆட்டத்தையும் பார்க்கிறவர், குழுவில் ஆகக் குறைவாக எழுதுகிறவர். மற்றவர்கள் காலையில் இரண்டு நிமிடக் கிளிப் பார்த்தவர்கள். கிளிப்பில் கோல்தான் வரும். பந்து இல்லாத இடத்தில் யார் எங்கே நின்றார் என்பது வராது. தந்திரோபாயம் என்பது முக்கால்வாசி அதுதான்.

இப்போது மூன்று வெற்றியோடு அமோரிம் "எங்கட தலைவர்" ஆகிவிட்டார். எங்களைக் கேட்டால் இதுவும் கிளிப் தீர்ப்புத்தான். 2024-25 சீசனை 42 புள்ளியோடு 15ஆம் இடத்தில் முடித்த அணி அது. மூன்று வெற்றி அதைக் கழுவிவிடாது.

"பேர்குசன் காலத்தில் இப்படி இல்லை" என்று எழுதுகிற அண்ணைமாருக்கு ஒன்று. பேர்குசன் வந்தது 1986 நவம்பரில். முதல் கிண்ணம் 1990 மே மாதம் எப்.ஏ. கிண்ணம். முதல் லீக் 1993இல். 1989 செப்டெம்பரில் சிட்டியிடம் 5-1 என்று தோற்றவர் அவர். அன்றைக்கு வாட்சப் குழு இருந்திருந்தால் நீங்கள் பேர்குசன் என்ற பெயரையே கேட்டிருக்க மாட்டீர்கள்.

ஆர்சனல்காரர் சிரிக்க வேண்டாம். 2021 ஆகஸ்டில் முதல் மூன்று ஆட்டமும் தோல்வி, வாங்கியது 9 கோல், போட்டது பூச்சியம், அட்டவணையில் கடைசி. அர்ட்டேட்டாவை அனுப்பு என்று எங்கள் பகுதியிலேயே பதிவு போட்டவர்கள் உண்டு, தேடினால் இன்னும் இருக்கும். அந்த சீசனை அவர் ஐந்தாம் இடத்தில் முடித்தார். 2025 அக்டோபர் இறுதியில் அதே மனிதர் 9 ஆட்டத்தில் 22 புள்ளி, வாங்கியது வெறும் 3 கோல், அட்டவணையில் முதலிடத்தில் இருந்தார். அதற்கும் குறை: "கோர்னரில்தான் கோல் போடுகிறார்கள்." கோர்னரில் போட்டால் கணக்கில் அரைக் கோலா? ரைஸும் சகாவும் ஒரே இடத்துக்குப் பந்தை விடுவதும், காபிரியேல் அந்த இடத்துக்கு வருவதும், இன்னொருவர் காப்பாளருக்கு முன்னால் மறித்து நிற்பதும் நூறு தடவை பயிற்சியில் செய்து பார்த்த வேலை. அதற்கென்றே ஜொவர் என்று ஒரு பயிற்றுநரை வைத்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் எங்கள் கோபம் தொடங்குகிறது. இங்கிலாந்துக்காரரை நீங்கள் என்ன எழுதினாலும் அவர்களுக்குக் கேட்காது. அமோரிமுக்குத் தமிழ் தெரியாது. எங்கள் பெடியளுக்குத் தெரியும்.

இங்கே ஒரு கழகத்தின் 18 வயதுக்குட்பட்ட அணி. பெயர் வேண்டாம், வாசிக்கிற உங்களுக்குத் தெரியும். பயிற்றுவித்தவர் பகலில் மேசன் வேலை செய்கிற ஒரு தம்பி. ஒரு சதம் வாங்கவில்லை. பின்னேரம் சீமெந்துக் கையோடு மைதானத்துக்கு வருவார். மூன்று ஆட்டம்: இரண்டு தோல்வி, ஒன்று சமநிலை. இரண்டாவது தோல்வி அன்று இரவு குழுவில் பதினேழு வொய்ஸ். "இவனுக்கு என்ன தெரியும்", "நாலு பேரைப் பின்னுக்கு விடத் தெரியாதவன்", "ஆளை மாத்து". ஸ்லொட்டுக்கும் அமோரிமுக்கும் எழுதிய அதே வசனம், பெயர் மட்டும் மாறியிருக்கிறது. தம்பி மூன்றாவது ஆட்டத்துக்கு வந்தார், முடிந்ததும் பந்துப் பையைக் கொண்டுவந்து எங்களிடம் தந்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வரவில்லை. ஆளை மாற்றச் சொன்னவர்களில் ஒருவரும் இன்றுவரை அந்தப் பையைக் கேட்டு வரவில்லை.

அந்த அணியின் கோல் காப்பாளருக்கு 16 வயது. காலுக்கிடையால் ஒரு பந்தை விட்டார். அதை யாரோ படம்பிடித்து, சிரிக்கிற முகம் போட்டுப் பரப்பினார்கள். பிள்ளை இரண்டு நாள் பாடசாலைக்கு வரவில்லை. அன்றைக்கு மைதானத்தில் நின்றவர்களுக்குத் தெரியும்: வாடை தொடங்கிவிட்டது, முதல் பாதி முழுக்கக் காற்றுக்கு எதிராக நின்றவர் அவர். அடிக்கிற பந்தெல்லாம் நடுக்கோட்டைத் தாண்டாமல் திரும்பி வந்தது. மழைத் தண்ணி கோல் வாசலில் கணுக்கால் அளவுக்கு. சோளகத்துக்கு ஒரு விளையாட்டு, வாடைக்கு ஒரு விளையாட்டு என்பது கடலுக்குப் போகிறவருக்குத் தெரிந்தது, மைதானத்துக்கும் அதுதான். நாணயச் சுழற்சியில் வென்றால் எந்தப் பக்கம் எடுப்பது, காற்று முகத்தில் அடிக்கும்போது பந்தைத் தரையோடு விடுவது, காற்று முதுகில் வந்தால் கோர்னரை நேரே கோலுக்குள் வளைப்பது. இது எங்கள் தீவின் தந்திரோபாயம். அமோரிமுக்கும் தெரியாது. இதைப் பற்றி ஒரு வொய்ஸ் வந்ததா?

2024 ஆகஸ்டில் விமல் யோகநாதன் என்ற பெடியன் பார்ன்ஸ்லி அணிக்காக இறங்கியபோது எல்லோரும் அவர் படத்தைப் போட்டீர்கள். இலங்கைத் தமிழ்ப் பெற்றோரின் பிள்ளை, வேல்ஸில் பிறந்து, இங்கிலாந்தின் தொழில்முறை ஆட்டத்துக்குள் நுழைந்தவர். எங்களுக்கும் பெருமைதான், நாங்களும் போட்டோம். ஆனால் அவர் 16 வயதில் விட்ட பிழைகளை யாரும் சிரிக்கிற முகத்தோடு பரப்பியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறோம். பரப்பியிருந்தால் நாங்கள் போடுவதற்குப் படம் இருந்திருக்குமோ தெரியாது.

"விமர்சனம் வேண்டாமா சேர்?" என்று கேட்பீர்கள். வேணும். காப்பாளர் முன்னுக்கு வந்தது பிந்தி, பின்வரிசை இருவருக்கிடையில் இடைவெளி கூட என்று கோட்டுக்குப் பக்கத்தில் நின்று சொல்லுங்கள், பெடியள் திரும்பிப் பார்த்துத் தலையாட்டுவார்கள். அதைச் சொல்ல முழு ஆட்டமும் நின்று பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. படகில் வருகிற பிள்ளைகள் கடைசிப் படகைப் பிடிக்க அரைமணி முன்னதாகப் பயிற்சியை விட்டு ஓடுவதையும் அப்போதுதான் காண்பீர்கள். இரண்டாம் பாதியில் ஏன் மூச்சு வாங்குகிறார்கள் என்ற கேள்விக்குப் பதில் அதிலும் கொஞ்சம் இருக்கிறது.

மேசன் தம்பியை நாங்கள் நேற்று வீட்டில் போய்ச் சந்தித்தோம். வரமாட்டேன் என்று சொல்லவில்லை. "குழுவில் இருக்கிற அண்ணைமார் ரெண்டு பேர் மைதானத்துக்கு வந்தால் நானும் வாறன்" என்றார். அதனால்தான் இந்தப் பதிவு.

வருகிற சனிக்கிழமை, நவம்பர் 1, பின்னேரம் நாலரைக்குப் பயிற்சி. கோர்னரும் நீளமான த்ரோவும் மட்டும்தான் அன்றைக்கு. பந்து நான்கு இருக்கிறது, ஒன்றுக்குக் காற்று நிற்கவில்லை, பம்ப் வைத்திருக்கிறவர் கொண்டுவாருங்கள். வலைக்கு நூல் கட்டத் தெரிந்த கடற்தொழில் அண்ணை ஒருவரும் தேவை. யுனைடெட்டுக்கும் ஆர்சனலுக்கும் அன்று இரவு எட்டரைக்குத்தான் ஆட்டம். லிவர்பூலுக்கு ஒன்றரைக்கு. மஃரிபுக்கு முதலே விட்டுவிடுவோம்.