நோக்கம் நல்லதென்ற வாதம்

வல்லரசு ஒன்று அயல்தேசத்தின் உள்நாட்டுப் போரில் தன் சேனைகளை இறக்கி, பல்லாண்டுகள் யுத்தம் நடத்தி, லட்சக்கணக்கான மக்களின் மரணத்துக்குக் காரணமாகி, கடைசியில் எண்ணியது எதையும் சாதிக்காமல் திரும்பிப் போன பிறகு, அதன் ராஜதந்திரிகளும் சரித்திர ஆசிரியர்களும், அவர்களைப் படிக்கும் உலகத்தாரில் பெரும்பாலோரும் ஒரே தீர்ப்பில் வந்து இளைப்பாறுவது வழக்கமாகிவிட்டது. நோக்கம் நல்லதுதான், நிறைவேற்றிய முறையில்தான் பிழை நேர்ந்தது என்பதே அந்தத் தீர்ப்பு. கேட்பதற்கு இது நடுநிலைமை போலத் தோன்றுகிறது. தவற்றை ஒப்புக்கொள்ளும் பணிவும் அதில் இருப்பதாகத் தெரிகிறது. ஆயினும் அடுத்த யுத்தத்துக்கு வழி திறந்து வைப்பது இந்தத் தீர்ப்பே என்பதால், இதை மறுக்க வேண்டியது அவசியமென்று கருதுகிறேன்.

வியட்நாம் யுத்தத்தைப் பொறுத்தவரை இந்த நம்பிக்கைக்கு அதிகாரபூர்வமான உருவம் கொடுத்தவர், 1961 முதல் 1968 வரை அமெரிக்காவின் பாதுகாப்பு மந்திரியாக இருந்து அந்த யுத்தத்தை நடத்திய ராபர்ட் மக்னமாரா. 1995இல் வெளியிட்ட நினைவு நூலில், தாமும் தம் சகாக்களும் செய்தது பெருந்தவறு என்று அவர் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். அதிகாரத்தில் இருந்தவர்களுள் அவ்வளவு தூரம் வந்தவர்கள் மிகச் சிலரே. அந்த அளவுக்கு அவர் மதிக்கத்தக்கவர். ஆனால் தவறு நேர்ந்தது நோக்கத்திலோ லட்சியங்களிலோ அல்ல, நிலைமையைக் கணித்ததிலும் தங்கள் திறமையை மதிப்பிட்டதிலுமே என்று அவர் முடித்தார். அந்த முடிவைத்தான் அவருடைய சொந்த அலுவலகத்துக் காகிதங்களே பொய்யாக்குகின்றன.

ஆரம்பத்தைக் கவனிப்போம். 1954 மே 7ஆம் தேதி தியென் பியென் பூ கோட்டை வீழ்ந்து, பிரெஞ்சு ஏகாதிபத்தியம் இந்தோசீனாவில் தன் கடைசிப் பிடியை இழந்தபின், அவ்வாண்டு ஜூலையில் ஜெனீவாவில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. 17ஆவது அட்சரேகையை ஒட்டி இடப்பட்ட கோடு, இரு சேனைகளையும் பிரித்து வைப்பதற்கான தற்காலிக ஏற்பாடே அன்றி, எந்த விதத்திலும் தேச எல்லையாகக் கருதத்தக்கதல்ல என்று அங்கே பிரகடனம் செய்யப்பட்டது. 1956 ஜூலையில் தேசம் முழுவதற்கும் பொதுத் தேர்தல் நடத்தி ஒரே அரசாங்கம் அமைக்க வேண்டுமென்றும் குறிக்கப்பட்டது. இந்த ஏற்பாடுகளை மேற்பார்வையிடும் சர்வதேசக் கமிஷனில் கனடாவும் போலந்தும் அங்கம் வகிக்க, தலைமைப் பொறுப்பு இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. அமெரிக்கா அந்தப் பிரகடனத்தில் சேரவில்லை என்றாலும், பலாத்காரத்தால் அதைக் குலைக்க முற்படுவதில்லை என்று அதன் பிரதிநிதி அந்தச் சபையிலேயே வாக்களித்தார்.

அந்தத் தேர்தல் நடக்கவே இல்லை. கோட்டுக்குத் தெற்கே, சைகோனில் அமெரிக்க ஆதரவோடு பதவியில் இருந்த நியோ தின் தியெம் அதை மறுத்தார். வாஷிங்டன் அந்த மறுப்பை ஏற்று, அவருக்குப் பணமும் ஆயுதமும் கொடுத்து ஊக்குவித்தது. தேர்தல் நடந்திருந்தால் முடிவு என்னவாகியிருக்கும் என்பதில் வாஷிங்டனுக்கு மயக்கம் எதுவும் இருக்கவில்லை. பிரெஞ்சுக்காரரோடு சண்டை நடந்த காலத்தில் வாக்கெடுப்பு நிகழ்ந்திருந்தால், மன்னர் பாவோ தாயைக் காட்டிலும் வடக்கின் கம்யூனிஸ்ட் தலைவர் ஹோ சி மின்னையே நூற்றுக்கு எண்பது பேர் ஆதரித்திருக்கக்கூடும் என்று ஜனாதிபதி ஐசனோவரே பிற்காலத்தில் எழுதினார். இதற்கிடையில், 1955 அக்டோபரில் தியெம் தமக்கென்று ஒரு வாக்கெடுப்பு நடத்திக்கொண்டு, நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கு மேற்பட்ட வாக்குகள் கிடைத்ததாக அறிவித்தார். சுமார் 4,50,000 வாக்காளர்கள் பதிவாகியிருந்த சைகோன் நகரில் அவருக்கு ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகள் விழுந்ததாகக் கணக்குக் காட்டப்பட்டது. இந்த வாக்கெடுப்பை அங்கீகரித்து, அந்தத் தேர்தலைத் தடுத்த ஒரு தேசம், ஜனநாயகத்தைக் காப்பாற்றவே பின்னால் ஐந்து லட்சம் போர்வீரர்களை அனுப்பிற்று என்று நம்புவதற்கு நியாயம் எங்கே இருக்கிறது? மக்களின் தீர்ப்பு எப்படி இருக்குமென்று தெரிந்து, அந்தத் தீர்ப்பு வெளிவராமல் செய்வதற்காகத் தொடங்கப்பட்ட காரியத்தை நிறைவேற்றும் முறையில் பிழை என்று சொல்வது பொருந்தாது. அதன் வேரே பிழை.

நோக்கத்தைப் பற்றி நான் ஊகம் செய்து பேசுவதாக யாரும் கருத வேண்டாம். 1965 மார்ச்சில், அமெரிக்க மரைன் படையினர் டா நாங் கரையில் இறங்கிய அதே மாதத்தில், மக்னமாராவின் உதவி மந்திரியான ஜான் மக்நாட்டன் யுத்தத்தின் குறிக்கோள்களை ஓர் அந்தரங்கக் குறிப்பில் வகுத்து எழுதினார். அவமானகரமான தோல்வியைத் தவிர்த்து அமெரிக்காவின் மதிப்பைக் காப்பதற்கு எழுபது பங்கு. தென் வியட்நாமும் அதை அடுத்த பிரதேசங்களும் சீனாவின் கைக்குப் போகாமல் தடுப்பதற்கு இருபது பங்கு. அந்த மக்கள் மேலான, சுதந்திரமான வாழ்வு வாழ்வதற்குப் பத்துப் பங்கு. 1971இல் டானியல் எல்ஸ்பர்க் வெளிக்கொணர்ந்த ரகசிய ஆவணங்களின் வழியாகவே உலகம் இந்தக் கணக்கை அறிந்தது. மேடைகளில் நூறு பங்காக முழங்கிய நல்லெண்ணம், யுத்தத்தை நடத்தியவர்களின் அந்தரங்கத்தில் பத்துப் பங்காகவே இருந்தது. மக்களின் நன்மைக்காகப் போகிற சேனை, நன்மை விளையவில்லை என்று கண்டவுடன் திரும்பிவிடலாம். மானத்துக்காகப் போகிற சேனையோ, நாசம் பெருகப் பெருக இன்னும் ஆழமாக இறங்கியே தீரும். யுத்தம் ஏன் எட்டாண்டுகள் நீண்டது என்பதற்கு அந்த எழுபது பங்கே காரணம்.

அது நீண்ட விதத்தை விவரிக்கும்போது எண்களே போதும். 1969 ஏப்ரலில் தென் வியட்நாமில் இருந்த அமெரிக்க வீரர்கள் சுமார் 5,43,000 பேர். இந்தோசீனா முழுவதிலும் வீசப்பட்ட குண்டுகளின் எடை 70 லட்சம் டன்னுக்கு மேல். இரண்டாம் உலக யுத்தத்தில் எல்லாக் களங்களிலும் சேர்த்து அமெரிக்கா வீசியதைப் போலப் பல மடங்கு அது. யுத்தப் பிரகடனமே இல்லாத லாவோஸில் மட்டும் 1964 முதல் 1973 வரை 20 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குண்டுகள் விழுந்தன. சிதறு குண்டுகளில் வெடிக்காமல் தங்கியவை எட்டுக் கோடி என்று மதிப்பிடப்படுகிறது. யுத்தம் முடிந்த பிறகு பிறந்த குழந்தைகளின் கைகளையும் கால்களையும் அவை பறித்து வந்திருக்கின்றன. காடுகளின் இலைகளை உதிர்ப்பதற்காக 1962 முதல் 1971 வரை தூவிய ரசாயனத்தின் விஷம் டா நாங், பியென் ஹோவா விமானத் தளங்களின் மண்ணில் அரை நூற்றாண்டுக்குப் பின்னும் தங்கியிருந்தது. 1968 மார்ச் 16ஆம் தேதி மி லாய் கிராமத்தில் பெண்களும் முதியவர்களும் கைக்குழந்தைகளுமாக நூற்றுக்கணக்கானோர் அமெரிக்க வீரர்களால் சுட்டுக் கொல்லப்பட்டனர். வியட்நாமியரின் கணக்குப்படி அவர்கள் 504 பேர். அந்தப் பாதகத்துக்காகத் தண்டனை விதிக்கப்பட்டவர் ஒரே ஒரு லெப்டினன்ட். ஆயுள் தண்டனை பெற்ற அவரும் சுமார் மூன்றரை ஆண்டு வீட்டுக் காவலோடு விடுதலையானார்.

இவ்வளவு பலத்துக்குப் பின்னும் சைகோன் அரசாங்கம் ஏன் நிலைக்கவில்லை? வெற்றிக்கு வேண்டிய உறுதி வாஷிங்டனில் இல்லாமல் போயிற்று என்று இன்றும் சிலர் பதில் சொல்கிறார்கள். உண்மை வேறு. ஒரு ராஜ்யம் தன் பிரஜைகள் கொடுக்கும் வரியினாலும் அவர்களுடைய சம்மதத்தினாலும் நிற்க வேண்டியது. அதன் சேனைக்குச் சம்பளமும் அதன் கஜானாவுக்குப் பணமும் கடல் கடந்து வருமானால், குத்தகை விவசாயியின் குறையைக் கேட்க வேண்டிய அவசியமே அந்த அரசாங்கத்துக்கு இல்லாமல் போகிறது. அதன் கண்கள் கிராமத்தை விட்டு அயலார் தூதரகத்தின் பக்கமே திரும்பியிருக்கின்றன. ஊன்றுகோலாக வந்த சேனை அந்த அரசாங்கத்தின் கால்களையே சூம்ப வைத்துவிடுகிறது. 1963 ஜூன் 11ஆம் தேதி திக் குவாங் டுக் என்ற பௌத்த பிக்ஷு சைகோன் வீதியில் தீக்குளித்தபோது, தன் மக்களோடு தியெமுக்கு எந்தப் பிணைப்பும் மிச்சமில்லை என்பதை உலகமே கண்டது. அவ்வாண்டு நவம்பரில், அமெரிக்கத் தூதரகம் முன்னதாகவே அறிந்திருந்த ஒரு ராணுவப் புரட்சியில் அவர் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் தளபதிகள் ஒருவரையொருவர் கவிழ்த்துக்கொண்டிருந்தனர். 1975இல், ஏராளமான ஆயுதங்களைக் கையில் வைத்திருந்த அந்தச் சேனை, மார்ச் பத்தாம் தேதி வட வியட்நாம் தொடங்கிய தாக்குதலின் முன் ஏப்ரல் 30க்குள் கரைந்து போயிற்று. ஆயுதத்தை அயலார் கொடுக்கலாம். பிரஜைகளின் விசுவாசத்தை அவர்களால் கொடுக்க முடியாது.

மறுபக்கத்தில் சொல்லப்படும் நியாயங்களை அலட்சியம் செய்ய நான் விரும்பவில்லை. வட வியட்நாமின் ஆட்சி கருணையுள்ள ஆட்சி அல்ல. நிலச் சீர்திருத்தத்தின் பெயரால் அங்கே பல்லாயிரவர் மாண்டனர். 1968இல் ஹியூ நகரைக் கைப்பற்றியிருந்த வாரங்களில் கம்யூனிஸ்டுகள் பெருங்கொலை புரிந்தனர். 1975க்குப் பின் லட்சக்கணக்கானவர்கள் முகாம்களில் அடைக்கப்பட்டனர், லட்சக்கணக்கானவர்கள் படகேறிக் கடலை நம்பிப் போயினர். இவை யாவும் குற்றங்களே. ஆனால் இவற்றில் எதை அந்த யுத்தம் தடுத்தது? முப்பது லட்சம் வியட்நாமியர் மாண்டதாக அந்நாட்டு அரசாங்கம் பின்னால் கணக்கிட்டது; அவ்வளவு ரத்தத்துக்குப் பிறகும் வந்தது அதே ஆட்சிதான், ஆனால் பகையும் சந்தேகமும் பன்மடங்கு ஏறிய ஆட்சியாக வந்தது. ஒரு நாடு விழுந்தால் அடுத்தடுத்த நாடுகளும் சரியும் என்று 1954இல் சொன்ன ஆரூடமும் பலிக்கவில்லை: தாய்லாந்தும் மலேசியாவும் இந்தோனேசியாவும் சரியவில்லை, ஒரே சரீரம் என்று அஞ்சப்பட்ட சீனாவும் வியட்நாமும் 1979 பிப்ரவரியில் ஒன்றோடொன்று யுத்தம் செய்தன.

நம்மவர்கள் எழுப்பக்கூடிய ஆட்சேபம் இன்னொன்று உண்டு. 1971இல் கிழக்கு வங்காளத்தில் இந்திய சேனை புகுந்தது மட்டும் நியாயமா என்பது அது. அங்கே மக்களின் தீர்ப்பு முன்பே வெளிவந்துவிட்டது. 1970 டிசம்பர் தேர்தலில் அந்தப் பிரதேசத்தின் ஸ்தானங்களில் இரண்டு தவிர மற்றெல்லாவற்றையும் அவாமி லீக் வென்றிருந்தது. அந்தத் தீர்ப்பைத் துப்பாக்கியால் அழிக்க முயன்றது பாகிஸ்தான் ராணுவம். ஒரு கோடி அகதிகள் நம் எல்லைக்குள் வந்து சேர்ந்தனர். இந்தியாவுக்கும் தன் சொந்த நலன் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அது ஆட்சியாளரைத் தானே உற்பத்தி செய்யவில்லை. மக்கள் தேர்ந்தெடுத்தவர்களிடம் தேசத்தை விட்டுவிட்டு 1972 மார்ச்சில் வெளியேறியது. மக்கள் சொன்ன வார்த்தையை நிலைநிறுத்துவதும், அவர்கள் வாய் திறக்காமல் தடுப்பதும் ஒன்றாகா.

இந்தக் குற்றம் அமெரிக்காவுக்கு மட்டும் உரியதுமல்ல. ஆப்கானிஸ்தான் அரசாங்கத்தின் வேண்டுகோளின் பேரில் வந்ததாகச் சொன்ன சோவியத் சேனை, 1979 டிசம்பரில் நுழைந்த சில நாட்களிலேயே அந்த அரசாங்கத்தின் தலைவர் ஹபீசுல்லா அமீனைக் கொன்றது. பிறகு 1989 பிப்ரவரி வரை அங்கே யுத்தம் நடத்தியது. சித்தாந்தங்கள் நேர்மாறானவை, ஆயினும் யாரைக் காக்க வந்ததாகச் சொல்லிக்கொண்டார்களோ அவர்களுடைய சாவுக்கே உடந்தையாகவோ காரணமாகவோ ஆனதில் இரு வல்லரசுகளும் ஒன்றுபட்டன.

ஆகையால், நோக்கம் நல்லது என்ற சான்றிதழை இனி எந்த வல்லரசுக்கும் இனாமாகக் கொடுக்கக் கூடாது. முறையில்தான் பிழை என்று நாம் ஒப்புக்கொண்டால், மேலான தளபதிகளும் புதிய ஆயுதங்களும் அந்தப் பிழையைத் திருத்திவிடும் என்று அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக் கொடுத்தவர்களாவோம். சேனை புறப்படும்போதே, அந்த மக்களின் தீர்ப்பை நிறைவேற்றப் போகிறீர்களா, தடுக்கப் போகிறீர்களா என்ற கேள்வியைக் கேட்டு, பதிலுக்குச் சாட்சியமும் கேட்க வேண்டியது எந்த நாட்டுப் பிரஜைக்கும் உரிய கடமை. 1956ஆம் ஆண்டின் தேர்தலைத் தடுத்தபோதே அமெரிக்கப் பிரஜைகள் இதைத் தங்கள் அரசாங்கத்திடம் கேட்டு, பதில் வரும்வரை விடாமல் நின்றிருந்தால், அவர்களுடைய ஐம்பத்தெட்டாயிரம் புதல்வர்களும் லட்சோபலட்சம் வியட்நாமியரும் மடியாமல் இருந்திருக்கக்கூடும்.