பம்பைக்காரர் பெயரையும் எழுதுங்கள்

அன்பு வாசகர்களுக்கு,

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டது. மலைப்பக்கமிருந்து இறங்கும் சாரல் தென்காசித் தெருக்கள் வரை வந்து முகத்தை நனைத்துவிட்டுப் போகிறது. வெளியூர்க் கார்கள் ஐந்தருவிக்கு வழி கேட்டு நிற்கின்றன. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்தக் காற்று அடித்தால் வேறொரு நினைப்பும் கூடவே வரும். கோயில் திருவிழாவான ஆடிக்கொடை வந்துவிட்டது, எந்த ஊரில் எந்த மேளம் என்று விசாரிக்க வேண்டும்.

நம் அலுவலகத்தில் பக்கம் வடிவமைக்கும் தம்பி போன மாதம் நண்பர்களோடு பெங்களூருக்குப் போய் வந்தான். பள்ளிக்கூட நாளிலிருந்து அவன் கொண்டாடும் ஒரு ராக் குழுவை முதல்முறையாக நேரில் பார்க்கப் போன பயணம். மத்தியானத்திலிருந்தே மைதான வாசலில் வரிசையில் நின்றிருக்கிறான். திரும்பி வந்தபோது தொண்டை கட்டியிருந்தது, ஆனால் ஒரு வாரத்துக்கு வேறு பேச்சே பேசவில்லை. எந்தப் பாட்டுக்கு விளக்கை அணைத்தார்கள், டிரம்ஸ்காரர் எந்த இடத்தில் அடியை நிறுத்திக் கூட்டத்தைத் தவிக்க விட்டார், பேஸ் கிடார் வாசிப்பவருக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தவர் யார், அவர் ஏன் விலகினார், எல்லாம் அவனுக்கு மனப்பாடம். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முழுவதையும் கேட்டேன். ஊரும் வாத்தியமும்தான் வேறு. அந்தத் தவிப்பு எனக்கு நன்றாகத் தெரியும். நானும் ஒரு செட்டுக்குப் பின்னால் அலைந்தவன்.

என்னுடையது நையாண்டி மேள செட்டு. இரண்டு நாயனம், இரண்டு தவில், ஒரு பம்பை, ஒரு உறுமி, தாளத்துக்கு ஒருவர். செட்டுக்குச் செட்டு இதில் ஒன்று கூடும், ஒன்று குறையும். இலஞ்சி, மேலகரம், ஆய்க்குடி, சுரண்டை, பாவூர்சத்திரம், கடையம் என்று சுற்றுவட்டாரம் முழுக்கக் கொடை நடக்கும். பெரும்பாலும் செவ்வாய்க்கிழமையை ஒட்டித்தான் நாள் குறிப்பார்கள். ஒரே செவ்வாயில் நாலைந்து ஊரில் கொடை என்றால் நம் செட்டு எங்கே என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. டீக்கடைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருக்கும். அதை நம்புவதைவிட மைக்செட் கடையில் கேட்பது மேல். அன்றைக்கு அங்கே குழாய் கட்டப் போகிறவர்கள் அவர்கள்தானே. தெரிந்ததும் வாடகை சைக்கிளை எடுத்துக்கொண்டு டபுள்ஸ் அடித்துப் போய்ச் சேருவோம்.

சீக்கிரமே போய்விடுவோம். வாசிப்புக்கு முந்தைய அரைமணி நேரமும் எங்களுக்குக் கச்சேரிதான். தவில்கார அண்ணாச்சி கோயில் திண்ணையில் உட்கார்ந்து வாரை இழுத்துக் கட்டிக்கொண்டிருப்பார். பிறகு வலது கை விரல்களுக்குக் கூடு மாட்டுவார். துணியில் பசை தடவிச் சுற்றிக் காயவைத்த கூடு. மாட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். இடது கைக்குப் பூவரசங்குச்சி. எல்லாம் சரியானதும் வலந்தலையை ஒரே ஒரு தட்டுத் தட்டுவார். தெருக்கோடியில் நிற்கிறவன் அதைக் கேட்டுத் திரும்புவான். அந்தப் பக்கம் நாயனக்காரர், வாத்தியத்தில் கயிறு கட்டித் தொங்கும் கொத்திலிருந்து ஒரு சீவாளியை எடுத்து உதட்டில் வைத்து ஈரமாக்குவார். ஊதிப் பார்த்துக் கழற்றிவிடுவார். இன்னொன்றை எடுத்துக் குத்தூசியால் வாயைச் சரிசெய்து மாட்டுவார். அதுவும் பிடிக்காது. மூன்றாவதோ நாலாவதோ அவருக்குப் பிடித்துப்போகும், புருவம் லேசாக ஏறும். “இன்னைக்கு இருக்குடே” என்பான் பக்கத்தில் நிற்கும் கூட்டாளி.

மேடை கிடையாது. தெருவில், குழல் விளக்கு வெளிச்சத்தில், வட்டமாக நிற்கும் கூட்டத்துக்கு நடுவே செட்டு நிற்கும். முதலில் ஒரு கீர்த்தனை. அதைக் கேட்கப் பெரியவர்கள் துண்டை மடித்துப் போட்டு முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். பிறகு சினிமாப் பாட்டு. எந்தப் பாட்டு வேண்டும் என்று கூட்டத்திலிருந்து குரல் வரும், ரூபாய் நோட்டை நாயனக்காரர் சட்டையில் குத்திவிட்டுப் போவார்கள், கொடுத்தவர் பெயரை மைக்கில் சொல்லுவார்கள். அதெல்லாம் முடிந்த பின்தான் நாங்கள் காத்திருக்கும் இடம் வரும். நாயனம் இரண்டும் ஒதுங்கிக்கொள்ள, இரண்டு தவிலும் பம்பையும் எதிரெதிரே நிற்கும். ஒருவர் ஒரு சொல்லை அடித்துக் காட்டுவார். அடுத்தவர் அதையே வாங்கி, கூட ஒன்றைச் சேர்த்துத் திருப்பிக் கொடுப்பார். எங்கள் பம்பைக்காரர் மெலிந்த ஆள், பேசவே மாட்டார். இரண்டு தவில்காரர்களும் வித்தையெல்லாம் காட்டி முடிக்கிற வரை பேசாமல் தலையாட்டிக்கொண்டிருப்பார். கடைசியில் குச்சியை எடுத்து ஒரே மூச்சில் அவர்கள் இருவர் அடித்ததையும் சேர்த்து அடித்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் வேட்டியைச் சரிசெய்துகொள்வார். கூட்டம் ஓவென்று கத்தும். தோலில் விழுந்த அடி நம் நெஞ்செலும்பில் கேட்கும் தூரத்தில்தான் நின்றிருப்போம். எவ்வளவு பெரிய ஒலிபெருக்கி வைத்தாலும் அந்தக் கிட்டத்தைக் கொடுக்க முடியாது.

நள்ளிரவுச் சாமக்கொடைக்கு நேரமானதும் எல்லாம் மாறிவிடும். உறுமி இழுக்கத் தொடங்கும். பெண்கள் குலவையிடுவார்கள். அதுவரை கூட்டத்தைப் பார்த்துச் சிரித்து வாசித்த தவில்கார அண்ணாச்சியின் கண் சாமியாடியிடம் போய்விடும். கால் எடுத்து வைக்கிற வேகம்தான் தாளம். சாமியாடி தயங்கினால் அடியும் தயங்கி நிற்கும், அவர் துள்ளி எழுந்தால் அதற்கு ஒரு நொடி முந்தி அடி எழும்பியிருக்கும். அந்த ஒரு நொடி எப்படித் தெரிந்தது என்று கொடை முடிந்து சுக்குக்காப்பி குடிக்கும்போது அவரிடம் கேட்டிருக்கிறேன். “அவுஹ மூச்சைப் பாக்கணும் தம்பி, காலைப் பாத்தா பிந்திப்போவும்” என்றார். பிறகு, “நாளைக்குச் சுரண்டை. வாரியளா?” என்று கேட்டார். “வாரோம் அண்ணாச்சி.” மறுநாள் பரீட்சையாக இருந்தாலும் அதுதான் பதில்.

அந்த நாளில் எங்கள் பக்கத்து நாயனக்காரர் எவரையும் வாசிக்காமல் போகக் கூட்டம் விடாத ஒரு பாட்டு உண்டு. 1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில், எஸ்.எம். சுப்பையா நாயுடு இசையில், எஸ். ஜானகி பாட, காருகுறிச்சி அருணாசலம் நாயனம் வாசித்த ஆபேரிப் பாட்டு. பெயரைச் சொல்லவே வேண்டாம், உங்களுக்கு இப்போதே காதில் ஓடத் தொடங்கியிருக்கும். அதைச் சரியாக வாசித்துவிட்டால் அந்த நாயனக்காரருக்கு அந்த வட்டாரத்தில் மரியாதை தனி. ஏனென்றால் காருகுறிச்சியார் எங்கள் ஆள். தென்காசியிலிருந்து திருநெல்வேலிக்கு ரயிலில் போனால் வீரவநல்லூரை அடுத்து வருவது காருகுறிச்சி. 1921இல் அங்கே பிறந்தார். திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் சீடராகி, அவர் பக்கத்தில் நின்று வாசித்து, பிறகு தனியாகப் பெரும்பேர் எடுத்தார். கோவில்பட்டியில் குடியிருந்தார். 1964இல், 43 வயதுக்குள், போய்விட்டார்.

குருவைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுருதி ஏறிய, அளவில் சிறிய திமிரி நாயனத்தின் காலத்தை மாற்றி, நீளம் கூடிய, சுருதி இறங்கிய பாரி நாயனத்தைக் கொண்டுவந்தவர் ராஜரத்தினம் பிள்ளை. அதை ஆச்சா மரத்தில் கடைந்து கொடுத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. நரசிங்கம்பேட்டை நாயனத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, ஒரு வித்வானும் ஓர் ஆசாரியும் உட்கார்ந்து பேசிச் செய்த வேலைக்கு இத்தனை காலம் கழித்து ஒரு முத்திரை விழுந்ததே என்று எனக்கு மனசு நிறைந்தது.

என் மாமா ஒருவர் காருகுறிச்சியாரை நேரில் கேட்டவர். என்ன ராகம் வாசித்தார் என்று கேட்டால் சொல்லமாட்டார். மதில்மேல் ஆள், வேப்பமரத்துக் கிளையில் ஆள், வண்டியை அவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஆள் என்று கூட்டத்தைத்தான் சொல்லுவார். ரயில் காருகுறிச்சியில் நின்றால் பேச்சை நிறுத்திவிட்டு வெளியே பார்ப்பார். வண்டி புறப்பட்ட பிறகுதான் விட்ட இடத்திலிருந்து தொடருவார்.

இப்படிப்பட்ட ரசிகர்களுக்குப் பேர்போன மண் இது. கவிதை பாடாமல், கச்சேரி செய்யாமல், அனுபவிக்கத் தெரிந்ததற்காகவே தமிழ்நாடு முழுக்கக் கொண்டாடப்பட்ட ஒரு மனிதர் குற்றாலத்தில் வாழ்ந்தார். ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார். தொழிலுக்கு வக்கீல். திருநெல்வேலியில் அவர் வீட்டில் கூடிய வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டம் ஒரு காலம் என்றால், குற்றாலத்து வீடு இன்னொரு காலம். ராஜாஜியும் கல்கியும் அங்கே வந்து தங்கிப் பேசிக் களித்தார்கள். ஒரு பாட்டை ஒருமுறை சொல்லி அவர் விடமாட்டார். கேட்கிறவர் முகத்தில் அது இறங்குகிற வரை திரும்பத் திரும்பச் சொல்லுவார் என்று பழகியவர்கள் எழுதியிருக்கிறார்கள். 1954இல் அவர் மறைந்தார். இடைசெவல் கிராமத்திலிருந்து அவரைத் தேடி வந்த இரண்டு இளைஞர்கள் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும். இருவரும் 1923இல் பிறந்தவர்கள், இருவருக்கும் சங்கீதப் பைத்தியம். கி.ரா. விளாத்திகுளம் சாமிகளின் பாட்டில் கிறங்கிக் கிடந்தவர், காருகுறிச்சியாரோடு பழகியவர். அவர்களைப் பற்றி அவர் எழுதிவைத்ததால்தான் அந்த மனிதர்களின் பேச்சும் நடப்பும் இன்றைக்கு நமக்குக் கிடைக்கின்றன. இசைத்தட்டில் நாயனம் இருக்கிறது. அதை வாசித்தவர் எப்படிச் சிரிப்பார் என்பது ரசிகன் எழுதினால்தான் இருக்கும்.

நான் இதை இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த நாளில் சேர்த்துவைத்த கொடை நோட்டீஸ்கள் சில என் மேசையில் இருக்கின்றன. ரோஸ் தாள், மஞ்சள் தாள். வரிதாரர்கள் பெயர் வரிசையாக இருக்கும், அன்னதானம் கொடுத்தவர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். மேளத்துக்கு ஒரே வரி. செட்டுத் தலைவர் பெயரும் ஊரும் போட்டு, ‘குழுவினர்’ என்று முடித்துவிடுவார்கள். அந்தக் குழுவினரில்தான் எங்கள் பம்பைக்காரர் இருந்தார். நாங்கள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டோம், அவருக்கு எந்தக் கடை வெற்றிலை பிடிக்கும் என்பதுகூட எங்களுக்குத் தெரியும். அச்சில் அவர் எங்கேயும் இல்லை. பெங்களூர் போய்வந்த தம்பி அந்தக் குழுவின் ஒலிப்பொறியாளர் பெயர் வரை சொல்கிறான். அவனைப் பார்த்துத்தான் எனக்கு இந்த யோசனையே வந்தது.

திருக்குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயருக்கு, அந்தப் பாட்டில் மனம் பறிகொடுத்த மதுரை நாயக்க மன்னர் மேலகரம் பக்கம் நிலம் கொடுத்தார். குறவஞ்சிமேடு என்று அதற்குப் பேர். எங்கள் செட்டுக்கு நிலம் எழுதிவைக்க யாரும் வரவில்லை. எங்களிடம் இருப்பது ஞாபகம். அதை எழுதிவைக்கலாம்.

இப்போது கொடைகளில் செண்டைமேளம் அதிகம் வருகிறது. செங்கோட்டையைத் தாண்டினால் கேரளம், வருவது இயல்புதான். வரிசையாக நின்று அவர்கள் காலம் ஏற்றுவதைக் கேட்டால் எனக்கும் மெய்சிலிர்க்கும். அது மகத்தான கலை. ஆனால் அதைக் கூப்பிடுவதற்காக நம் செட்டை நிறுத்திவிடுவது சரியில்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறேன். நாயனமும் தவிலும் கொடைநாள் சம்பளத்தை நம்பியவை. சித்திரை, வைகாசி, ஆடி, ஆவணி என்று சில மாதங்களில் சம்பாதிப்பதை வைத்து ஆண்டு முழுக்கக் குடும்பம் நடத்த வேண்டும். வார் இறுக்கவும் தோல் மாற்றவும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். கொடைக் கமிட்டியில் இருக்கும் வாசகர்களுக்கு என் வேண்டுகோள் இது. செட்டைக் கூப்பிடுங்கள். வந்ததும் உட்கார இடமும் சாப்பாடும் கொடுங்கள். பேசிய சம்பளத்தை விடியும் முன் கையில் கொடுத்துவிடுங்கள். சாமி அழைப்பதற்கு முன் ஒருமணி நேரம், பாட்டுப்பெட்டியை நிறுத்திவிட்டு அவர்களை மனதுபோல் வாசிக்க விடுங்கள். சுற்றி நிற்கிற பொடியன்களில் ஒருவனாவது மறுநாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவான்.

தை மாத இதழில் கணிசமான பக்கங்களை உங்களுக்காக ஒதுக்கியிருக்கிறேன். நீங்கள் பின்னால் அலைந்த செட்டைப் பற்றி எழுதுங்கள். நையாண்டி மேளமாக இருக்கலாம், வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, மெல்லிசைக் குழு, கல்லூரி நாளில் கேட்ட ராக் குழு, எதுவானாலும் சரி. நம் தம்பியின் பெங்களூர்க் கதையும் அதில் வரும், எழுதிக்கொண்டிருக்கிறான். நடை அழகாக இருக்க வேண்டும் என்ற கவலை வேண்டாம், அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். எந்த ஊர், எந்தக் கொடை, எந்த வருஷம் என்று தெரிந்தவரை குறிப்பிடுங்கள். பழைய நோட்டீஸ், புகைப்படம் இருந்தால் பிரதி எடுத்து அனுப்பினால் போதும், அசலை நீங்களே பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கலைஞர்கள் இன்றைக்கு இருக்கிறார்கள் என்றால் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்து, அவர்கள் சம்மதத்தோடு எழுதுங்கள். போகும்போது வெற்றிலை வாங்கிக்கொண்டு போங்கள். செட்டுத் தலைவரோடு நிறுத்திவிடாமல் இரண்டாம் நாயனம், இரண்டாம் தவில், தாளம், பம்பை என்று ஒவ்வொருவர் பெயரையும் கேட்டு, எழுத்துப்பிழை இல்லாமல் அனுப்புங்கள். கார்த்திகை கடைசிக்குள் கிடைத்தால் நல்லது.

அன்புடன்,
ஆசிரியர்