குலம் கேட்காத கட்டம்

ஸ்காட்லாந்தில் குலத்துக்கு ஒரு டார்டன் என்பது தொன்றுதொட்ட வழக்கமாம். 1822இல் மன்னர் நான்காம் ஜார்ஜ் எடின்பரோ வந்தபோதுதான் அது சூடுபிடித்தது. அதற்குமுன் பானக்பர்ன் வில்சன் நெசவாலை பல கட்டங்களை வெறும் எண் போட்டே விற்றது. எண் போய்க் குலப்பெயர் வந்தது; பிறகு பரம்பரையும் வந்தது. 'தொன்றுதொட்டு' என்றாலே சந்தேகப்படும் நமக்கு இது புதிதா என்ன?

ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே யாரும் எந்த டார்டனையும் உடுத்தலாம், அடிக்க ஆள் வராது. தென் திருவிதாங்கூரில் பெண்கள் தோள்சீலை அணியவே போராட வேண்டியிருந்தது.

ஆய்வுக்காக எடின்பரோவில் இருக்கிறேன். நண்பன் கல்யாணத்துக்குக் கில்ட் வாடகைக்கு எடுக்கப்போன கடையில் குலப்பெயர் கேட்டார்கள். அப்பா பெயரின் முதலெழுத்தைத் தவிர என் பெயரோடு எதுவும் ஒட்டியதில்லை. ஊர் டார்டன் கொடுங்கள் என்றேன். எடின்பரோவுக்கென்றே ஒன்று இருக்கிறது.