லாரி ஓட்டுநரைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்

கல்வராயன் மலைக்கு மைதானம் எதற்கு என்று கேட்கும் கட்டுரையைப் படித்தேன். எழுதியவருக்கு மலைப்பிள்ளைகள் மீது அளவு கடந்த மதிப்பு இருக்கிறது. வெறும் மதிப்பு என்பதால் செலவு ஏதுமில்லை.

அவர் சொல்வது இதுதான்: வெள்ளிமலைப் பக்கத்துப் பிள்ளைகள் பிறவி ஓட்டக்காரர்கள். ஏற்றமும் இறக்கமுமே அவர்களுக்குப் பயிற்சிக்கூடம். கஷ்டம்தான் வீரனை உருவாக்கும், வசதி வந்தால் வேகம் போய்விடும். ஆகவே ஆண்டுக்கு ஒருநாள் மலையில் திறனறியும் முகாம் நடத்தினால் போதும். இதற்கு மூன்று சாட்சிகளை நிறுத்தியிருக்கிறார்: அயர்லாந்தின் கிறிஸ்டி ரிங், கென்யாவின் மலை ஓட்டக்காரர்கள், நம் சேலத்து மாரியப்பன். கூண்டில் ஏற்றுவதற்கு முன் சாட்சிகளை ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம்.

ரிங்கை நம் வாசகர்கள் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். கட்டுரையாளரின் துணிச்சலுக்கும் அதுதான் காரணமோ என்னவோ. ஹர்லிங் என்பது அயர்லாந்துக்காரர்களின் ஆட்டம். அணிக்கு 15 பேர், கையில் மட்டை, பந்து தரையில் உருள்வதைவிட ஆளுயரத்துக்கு மேலே பறப்பதே அதிகம். ஹாக்கிக்கு ஒரு முரட்டு அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஆட்டத்தில் எல்லாக் காலத்துக்கும் பெரிய ஆள் யார் என்று கேட்டால் அங்கே பலர் சொல்லும் பெயர் ரிங். 1920இல் கார்க் கவுண்டியில் குளோய்ன் என்ற சிற்றூர்ப் பக்கம் பிறந்தவர். பதின்வயதிலேயே தகப்பனை இழந்தவர். பிழைப்புக்கு எண்ணெய் லாரி ஓட்டியவர். ஆடுவதற்குச் சம்பளம் கிடையாது. இருந்தும் அகில அயர்லாந்துப் பட்டத்தை எட்டு முறை வென்றார், அதில் மூன்று முறை கேப்டனாக. கட்டுரை இவ்வளவையும் சொல்லிவிட்டு, “பார்த்தீர்களா, ஏழை லாரி ஓட்டுநர்!” என்று கைதட்டுகிறது.

கைதட்டல் ஓயட்டும். ரிங் பிறப்பதற்கு 36 ஆண்டு முன்பே, 1884இல், தர்லஸ் என்ற ஊரில் கேலிக் அத்லெடிக் அசோசியேஷன் தொடங்கப்பட்டது. அது செய்த வேலை சாதாரணமானதல்ல. கத்தோலிக்கப் பங்குகளை அடிப்படையாக வைத்து ஊருக்கு ஊர் கிளப் கட்டியது. (பங்கு என்றால் ஒரு தேவாலயத்தின் கீழ் வரும் ஊர்களும் குடும்பங்களும்.) இன்று அப்படி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிளப்புகள் இருக்கின்றன. கிளப் என்றால் ஆடுகளம், மூத்த ஆட்டக்காரர்கள், வயது வாரியாக அணிகள், தவறாமல் நடக்கும் போட்டிகள். குளோய்னில் கற்ற ரிங், 1941இல் கார்க் நகரத்தின் கிளென் ரோவர்ஸ் கிளப்பில் சேர்ந்தார். 1934 முதல் 1941 வரை கவுண்டிப் பட்டத்தை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்காத கிளப் அது. அங்கே அவரோடு ஆடிய ஜாக் லிஞ்ச் பின்னாளில் நாட்டின் பிரதமரே ஆனார். 1954இல் ரிங் எட்டாவது பதக்கம் வாங்கிய இறுதிப் போட்டியைக் காண குரோக் பார்க்கில் கூடியவர்கள் 84,856 பேர். லாரியை நிறுத்திவிட்டு ஆடப் போக அவருக்கு ஓர் இடம் இருந்தது, எதிரே நின்று ஆட ஆள் இருந்தது, சம்பளத்துக்கு வேலையும் இருந்தது. ஆட்டம் முடிந்த பிறகும் அவர் விலகிப்போய்விடவில்லை. 1976 முதல் 1978 வரை கார்க் தொடர்ந்து மூன்று முறை அகில அயர்லாந்துப் பட்டம் வென்றபோது அணித் தேர்வாளர்களில் அவரும் ஒருவர். கட்டுரையாளரின் கண்ணுக்கு லாரி மட்டும் தெரிந்திருக்கிறது.

அடுத்த சாட்சி கென்யா. மலைக்காற்றும் வறுமையும் சேர்ந்தால் ஓட்டக்காரன் என்கிறார். முதலில் உயரம். கென்ய ஓட்டக்காரர்களின் ஊரான இதென் சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் கல்வராயன் ஏறத்தாழ 600 முதல் 1,200 மீட்டர் வரை. அந்த மெல்லிய காற்றின் பலன் இங்கே வராது, அதை யாரும் கடன் கேட்டு வாங்கவும் முடியாது. சரி, உயரத்தை விடுவோம். இதெனில் செயின்ட் பேட்ரிக் பள்ளி என்று ஒன்று உண்டு. 1976இல் அங்கே ஆசிரியராக வந்து, பயிற்சியாளராகவே தங்கிவிட்டவர் பிரதர் கால்ம் ஓ’கானல். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 800 மீட்டரை 1 நிமிடம் 40.91 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்த டேவிட் ருடிஷா அவருடைய மாணவர். அந்தப் பிரதரின் சொந்த ஊர் எங்கே தெரியுமா? அயர்லாந்தின் கார்க் கவுண்டி, ரிங்கின் மண். மலையும் வறுமையும் இதெனில் அதற்கு முன்பும் இருந்தன. பள்ளிக்கூடத்தில் ஒருவர் பல பத்தாண்டு நின்று சொல்லிக்கொடுத்தது பிறகு வந்தது.

மாரியப்பன் விஷயத்தில்தான் கட்டுரையின் கொடூரம் அப்பட்டமாகத் தெரிகிறது. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் ஐந்து வயதுப் பிள்ளை பள்ளிக்கு நடந்து போகும்போது பேருந்து ஏறி வலது கால் நசுங்கியது. காய்கறி விற்ற அம்மா வைத்தியத்துக்கு மூன்று லட்சம் கடன் வாங்கினார். பையன் வளர்ந்து பேப்பர் போட்டான், கட்டட வேலைக்குப் போனான். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். கஷ்டம்தான் இந்தப் பதக்கங்களைக் கொடுத்தது என்றால் அந்தப் பேருந்துக்கும் ஒரு மாலை போட்டுவிடலாமே! வாலிபால் ஆடிக்கொண்டிருந்த பையனை உயரம் தாண்டிப் பார்க்கச் சொன்னது பள்ளியின் பி.டி. வாத்தியார். பெங்களூருக்கு அழைத்துப்போய்ப் பயிற்சி கொடுத்தது பயிற்சியாளர் சத்யநாராயணா. ரியோவுக்குப் பிறகு தமிழக அரசு இரண்டு கோடி அறிவித்தது. ஜெயித்த பிறகு வந்த பணம் அது. பரிசாக வந்ததிலிருந்து முப்பது லட்சத்தைத் தான் படித்த அரசுப் பள்ளிக்குக் கொடுத்தார் மாரியப்பன். கஷ்டம் பிள்ளைகளுக்கு நல்லது என்று நினைக்கிறவர் செய்யும் காரியமா இது?

கஷ்டம் வீரனை வளர்க்கும் என்பது உண்மையானால் கல்வராயன் மலை இந்நேரம் பதக்கத்தால் நிரம்பியிருக்க வேண்டும். கஷ்டத்துக்கு அங்கே எப்போது பஞ்சம் வந்தது? கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் 2024 ஜூனில் கள்ளச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்ட பிறகுதான், சென்னை உயர் நீதிமன்றம் இந்த மலை மக்களின் நிலைமையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. அந்தப் பிள்ளைகளின் கால்வலுவைக் கட்டுரையாளர்தான் புதிதாகக் கண்டுபிடித்தார் என்றும் இல்லை. ஆந்திரக் காட்டுக்குச் செம்மரம் வெட்டவும் சுமக்கவும் ஆள் பிடிக்கும் புரோக்கர்களுக்கு அது எப்போதோ தெரியும். மலையேறும் காலுக்கு அவர்கள் ரொக்கமாகக் கூலி பேசுகிறார்கள், நம்மவர் பாராட்டிக் கட்டுரை எழுதுகிறார்.

ஏறி இறங்கினாலே தடகள வீரன் ஆகிவிடலாம் என்று எண்ணுகிறவர் உயரம் தாண்டும் களத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். ஓடிவர அளவெடுத்த சமதரை, கம்பி, விழுந்தால் எலும்பு முறியாத மெத்தை, காலை எங்கே ஊன்றினாய் என்று ஒவ்வொரு தாண்டலுக்கும் சொல்ல ஓர் ஆள். இவற்றில் எதுவும் சாமைக் கொல்லையிலும் மரவள்ளிக் காட்டிலும் முளைப்பதில்லை.

கடைசியாக அந்த ஒருநாள் முகாம். ஜீப்பில் மலையேறி, பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஓடவிட்டு, நேரம் குறித்து, சான்றிதழும் சாப்பாட்டுப் பொட்டலமும் கொடுத்துவிட்டுச் சாயங்காலம் கச்சிராயபாளையம் வழியாக இறங்கிவிடலாம். அன்றைக்கு முதலாவதாக வந்த பெண்ணுக்கு மறுநாள் காலை யார் பயிற்சி கொடுப்பார், எந்த இடத்தில்? கட்டுரையாளர் அடுத்ததாக எழுதும்போது இதற்கு மட்டும் பதில் எழுதட்டும். ரிங்கை அழைக்காமல் எழுதட்டும்.